கொதிக்கும் டிராம்போலின்... கொப்பளிக்கும் பிஞ்சுப் பாதம்!

‘ஐயா, மகளுக்குத் துணையாக ஆறு மாதம் அமெரிக்கா போகிறேன். டெக்சாஸில் வீடு. பின்பக்கத் தோட்டத்தில் பேரக் குழந்தைகளுக்காக டிராம்போலின் வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். அங்கேயும் நம் ஊர் மாதிரிதான் வெயில் என்கிறார்கள். வெயில் நாளில் பிள்ளைகளை அதில் விடலாமா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. படிப்பால் வந்த தகுதி அல்ல, பட்டுத் தெரிந்த தகுதி!

2023-ம் வருடம் ஜூன் மாதம், டல்லாஸ் பக்கத்தில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு அப்போது ஐந்து வயது. போன நாலாம் நாள், “தாத்தா, குதிக்கப் போகலாமா?” என்று கையைப் பிடித்து இழுத்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மாலை மணி ஐந்து. பாளையங்கோட்டையில் ஐந்து மணி என்றால் வெயில் தாழ்ந்து காற்று வர ஆரம்பிக்கும் நேரம். “போடா ராசா” என்று கதவைத் திறந்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரும்பு ஏணியில் ஏறி, கறுப்பு விரிப்பில் காலை வைத்தான். அவ்வளவுதான், வீல் என்று ஒரு அலறல். கீழே இறங்கவும் தெரியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் இரண்டு பாதமும் சிவந்துவிட்டன. வைத்தியனுக்கு முதலில் என்ன தோன்றும்? ஜன்னலோரம் தொட்டியில் இருந்த கற்றாழையைப் பறிக்கத்தான் ஓடினேன். என் மகள் அதற்குள் குழந்தையைத் தூக்கி, சமையலறைக் குழாயைத் திறந்து காலை நீட்டிவிட்டாள். “அப்பா, செடியெல்லாம் அப்புறம். முதல்ல தண்ணி!” என்றாள். அவள் செய்ததுதான் சரி. இடது பாதத்தில் ஒரே ஒரு சின்னக் கொப்புளத்தோடு போயிற்று.

என் பிசகு எங்கே? கடிகாரத்தில்! கோடையில் அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அதனால் டல்லாஸில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் ஒன்றரை மணிக்கு. அவர்களுடைய ஐந்து மணி, வெயில் கணக்கில் நெல்லையின் மூன்றே முக்கால், நாலு மணிதான். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய எட்டரை மணிக்கு மேல் ஆகிவிடும். நம் பழக்கத்தில் ‘சாயங்காலம்’ என்று நினைத்துப் பிள்ளையை வெளியே விட்டால் இப்படித்தான். அமெரிக்கா போகிற தாத்தா பாட்டிகள் இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெப்பத்திலும் நமக்குச் சளைத்த ஊர் அல்ல அது. 2003 மே மாதம் சென்னை 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது நினைவிருக்கிறதா? 1980 ஜூன் 26, 27 தேதிகளில் டல்லாஸும் அதே அளவைத் தொட்டிருக்கிறது. அவர்கள் கணக்கில் 113 டிகிரி பாரன்ஹீட்.

ஏன் இப்படிக் கொதிக்கிறது?

டிராம்போலின் விரிப்பு, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் நெருக்கமாக நெய்த வலை. பெரும்பாலும் கறுப்பு. வெயிலைத் தாங்கி உழைக்கட்டும் என்றுதான் கருமை ஏற்றுகிறார்கள். அந்தக் கருமையே வெப்பத்தையும் குடித்துக்கொள்கிறது. சுற்றிலும் உள்ள சட்டம், ஏணி, ஸ்பிரிங் எல்லாம் இரும்பு. விரிப்பைவிட இரும்புதான் மோசம். தன் சூட்டை ஒரு நொடியில் தோலுக்குள் இறக்கிவிடும். 60 டிகிரி வெந்நீர் பெரியவர்கள் தோலையே ஐந்து விநாடியில் ஆழமாகப் பொசுக்கிவிடும் என்றால், குழந்தையின் மெல்லிய பாதத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

ஆகவே, ஏற்றுவதற்கு முன்னால் உங்கள் புறங்கையை விரிப்பில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உள்ளங்கை வேண்டாம், அடுப்படியில் காய்ந்த கைக்குச் சூடு தெரியாது! ஏணியையும் ஓரத்து மெத்தையையும் தொட்டுப் பாருங்கள். வைத்த கையை எடுக்கத் தோன்றினால் இப்போது விளையாட்டு இல்லை. ‘சாக்ஸ் போட்டுவிட்டால் சுடாதே’ என்று ஒரு யோசனை வரும். பருத்தி சாக்ஸ் அந்த விரிப்பில் வழுக்கும். தவிர, சாக்ஸ் போட்டால்தான் நிற்க முடியும் என்கிற அளவுக்குச் சூடு இருந்தால், விழும்போது கையும் முழங்காலும் என்ன ஆகும்?

தண்ணீர் தெளிக்கலாமா?

மொட்டை மாடியில் சாயங்காலம் தண்ணீர் தெளித்துப் பாய் விரிக்கிறவர்கள் நாம். அதே நினைப்பில் அடுத்த நாள் நானும் குழாயைப் பிடித்து விரிப்பு முழுக்கத் தண்ணீர் அடித்தேன். உடனே குளிர்ந்தது, வெயில் இருந்ததால் காய்ந்ததும் மறுபடி சூடேறிவிட்டது. மெல்லிய வலை அல்லவா, சீக்கிரம் ஆறும், சீக்கிரம் சுடும். எனவே நிழல் வந்த பிறகு தெளித்தால்தான் பயன். தெளித்ததும் ஏற்றிவிடக் கூடாது. ஈர விரிப்பு பாசி படிந்த படித்துறை மாதிரி. நன்றாகக் காய்ந்த பிறகே ஏற்ற வேண்டும். இரும்பின் மேல் தினமும் தண்ணீர் அடித்தால் துருப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட உருப்படியான வழி இடத்தை மாற்றுவதுதான். பிற்பகல் சூரியன் மேற்கே இருக்கும், நிழல் கிழக்கே விழும். ஆகவே வீட்டுக்கோ பெரிய மரத்துக்கோ கிழக்குப் பக்கம், சுவரை ஒட்டாமல் நல்ல இடைவெளி விட்டு, சமதரையில் போட வேண்டும். தலைக்கு மேல் கிளை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. என் மருமகன் ஒரு விடுமுறை நாளில் நாலு பேரைக் கூட்டி வந்து நகர்த்திவிட்டார். செலவு, நாலு டம்ளர் காபி! சிலர் பாதுகாப்பு வலையின் கம்பங்களிலேயே நிழல் துணியைக் கட்டிவிடுகிறார்கள். அது ஆபத்து. பலத்த காற்றில் துணி பாய்மரமாகி மொத்தச் சாமானையும் தூக்கிப் போட்டுவிடும். நிழல் துணி வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கம்பம் நட வேண்டும்.

வெயில் இழையையும் தின்னும். கோடை தொடங்கும்போதும் முடியும்போதும் விரிப்பைத் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தாலோ, ஸ்பிரிங் மூடும் மெத்தை வெடித்திருந்தாலோ மாற்றுகிற வரை பிள்ளைகளை விடக்கூடாது. இரும்புக் குழாயின் திறந்த முனையில் குளவி கூடு கட்டியிருக்கலாம், கீழே தரையில் நெருப்பெறும்புப் புற்று இருக்கலாம். டெக்சாஸில் இரண்டும் தாராளம்.

ஒரே நேரத்தில் ஒரு பிள்ளைதான்

சூட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இதைக் கண்டுபிடித்த நாடே அமெரிக்காதான். ஜார்ஜ் நிஸன் என்ற ஜிம்னாஸ்டிக் வீரரும் அவருடைய பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டும் 1930-களில் அயோவாவில் உருவாக்கினார்கள். 2000-ம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆயிற்று. ஆனால் அதே நாட்டின் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, ‘வீட்டில் இது வேண்டாம்’ என்று 1999-லும் மறுபடி 2012-லும் சொல்லியிருக்கிறது. காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து குதிக்கும்போது நேர்வதாம். கனமானவர் குதித்து இறங்கும்போது எழும்புகிற விரிப்பு, சின்னக் குழந்தையின் முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துவிடும். ஆசையாகப் பேரனோடு ஏறும் தாத்தாக்களே, கேட்டீர்களா? ஆறு வயதுக்குக் கீழே ஏற்றவே கூடாது என்பது அந்த மருத்துவர்கள் கருத்து. அதைப் படித்த பிறகு என் பேரன் ஒரு வருடம் அதில் ஏறவில்லை. அழுதான்தான். ஏறுகிற பிள்ளைகளும் குட்டிக்கரணம் அடிக்கக் கூடாது, கழுத்து எலும்பு போய்விடும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளிலும் வேண்டாம். எண்ணெய் முழுக்கன்று வெயில் ஆகாது என்பது நம் வைத்திய முறை. காலில் பிசுக்கு இருந்தால் வழுக்கவும் செய்யும்.

உடம்புச் சூடு

வேனிற்காலத்தில் உடம்புச் சூடு ஏறும் என்று நம் ஊரில் சொல்வோம். நவீன மருத்துவம் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குழந்தைக்கு எடை குறைவு, அந்த எடைக்குத் தோல் பரப்பு அதிகம், வியர்வை குறைவு. வெளிச்சூடு சீக்கிரம் உள்ளே ஏறும். விளையாட்டு மும்முரத்தில் தாகம் என்று அது வாயைத் திறந்து சொல்லாது. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை நாமே கூப்பிட்டு நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் மிக நல்லது. எலுமிச்சையும் ஏலமும் தட்டிப்போட்ட வெல்லப் பானகமும் கொடுக்கலாம். நன்னாரி வேரை ஊருக்கு எடுத்துப்போக முடியாவிட்டால் பரவாயில்லை. ஐஸ் மிதக்கும் கலர் பானம் மட்டும் வேண்டாம்.

முகம் வெளிறி, தலை சுற்றி, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் விளையாட்டை நிறுத்தி, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ, நிலை தடுமாறினாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதம். என்னைப் போன்றவர்களிடமோ கஷாயத்திடமோ வருகிற கட்டம் அது அல்ல. அங்கே 911, இங்கே 108. வண்டி வரும் வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

பாதம் சுட்டுவிட்டால், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் முழுசாகக் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து இருபது! ஐஸ் கூடாது. பற்பசை, மஞ்சள், மாவு, மை எதுவும் கூடாது. எங்கள் மருந்து எண்ணெய்கள்கூடச் சுட்ட உடனே போட்டால் சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும். நன்றாக ஆறிய பிறகு, தோல் உரியாமல் வெறும் சிவப்பாக மட்டும் இருந்தால், கழுவி மஞ்சள் பால் வடித்த கற்றாழைச் சோற்றைத் தடவலாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலும், சுட்ட இடம் வெளுத்து வலியே இல்லாமல் இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த வாசகி புறப்படுவதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்ல ஆசை. நம் ஊர்ப் பூங்காவில் இருக்கும் தகரச் சறுக்கு மரமும் மே மாதத்தில் இதே வேலையைச் செய்யும். அங்கேயும் முதலில் உங்கள் புறங்கை, அப்புறம் குழந்தை.