வீடு திருத்துமுன் அறிய வேண்டியவை

சிங்கப்பூரில் நம்மவர் பெரும்பாலும் கழக வீடுகளிலேயே குடியிருக்கிறோம். வீட்டில் கலியாணமோ பெருநாளோ வருகிறதென்றால் சமையலறையைத் திருத்தவும், குளியலறை ஓடுகளை மாற்றவும் ஆசை எழுவது இயற்கையே. ஆனால், பல வருடச் சேமிப்பை ஒரே நாளில் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, வேலை பாதியில் நிற்க, ஆளைத் தேடி அலைகின்ற குடும்பங்களும் உண்டு. ஆகவே, பணம் கையை விட்டுப் போகுமுன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுகிறேன்.

1. ஆள் யார்?

கழக வீட்டைத் திருத்தும் குத்தகையாளர், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பட்டியலில் பதிவு பெற்றவராக இருத்தல் அவசியம். கழகத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஜன்னல், குழாய், மின்சார வேலைகளுக்கும் தனித்தனியே அங்கீகாரமோ உரிமமோ பெற்றவர்கள் உண்டு.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். பட்டியலில் பெயர் இருப்பது வேலை செய்வதற்குத் தகுதி. நாணயத்துக்குப் பிணை அன்று. சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கம் வழங்கும் 'கேஸ்டிரஸ்ட்' முத்திரை பெற்ற நிறுவனமாயின், அது மூடப்பட்டாலும் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அதற்கான பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். முன்பு அவரிடம் வேலை செய்வித்த இரண்டொருவரையும் விசாரியுங்கள்.

2. அனுமதி உண்டா?

சுவரை இடிப்பதற்கு அனுமதி வேண்டும். மேல்மாடிகளைத் தாங்கும் கான்கிரீட் சுவரிலும் தூணிலும் கை வைக்கவே கூடாது. வீட்டுப் புகலிட அறையின் சுவரும் அப்படியே. புதுக் கட்டடத்தில் குளியலறைத் தரையோடு, சுவரோடுகளை முதல் 3 ஆண்டுகளுக்குப் பெயர்க்கலாகாது. அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டால் கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகும்.

"அனுமதியெல்லாம் எதற்கு, இரண்டே நாளில் முடித்துவிடுவோம்" என்பவரை வாசலிலேயே அனுப்பி விடுங்கள். அவர் போய்விடுவார், வீட்டுக்காரராகிய நீங்களே பதில் சொல்ல வேண்டும்.

இடித்தல், துளைத்தல் போன்ற இரைச்சல் வேலைகளைத் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம். அடுத்த வீட்டுக்காரருக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள். நோயாளியோ கைக்குழந்தையோ அங்கே இருக்கக்கூடும்.

3. எழுத்தில் உண்டா?

மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். வியாபாரம் செய்பவர்களுக்குத் தெரியும்: ஊர் விலையில் பாதிக்குத் தருகிறேன் என்பவர், எடையிலாவது சரக்கிலாவது கை வைத்தே தீருவார்.

என்ன ஓடு, எத்தனை சதுர அடி, என்ன விலை, எந்தத் தேதியில் முடியும், கழிவை அகற்றுவது யார் என்று யாவும் தாளில் இருக்கட்டும். உறவுக்காரரானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துதான் உறவைக் காப்பாற்றும்.

பணத்தைத் தவணையாக, முடிந்த வேலைக்குத் தக்கபடி கொடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். கடைசித் தவணையை, எல்லாவற்றையும் சரிபார்த்த பின்பே கொடுங்கள்.

4. தகராறு வந்தால்?

சிறு கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கிடலாம். இரு தரப்பாரும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. வக்கீல் வைப்பதற்கில்லை. 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். அங்கே உங்களுக்காகப் பேசுபவை அந்த ஒப்பந்தமும் ரசீதுகளுமே.

சகோதரர்களே! வீட்டுப் பணம் குடும்பத்தின் அமானிதம். அதை ஒருவர் கையில் கொடுக்குமுன் ஒரு வாரம் விசாரிப்பதால் நஷ்டம் ஏதுமில்லை.