போதையிலிருந்து மீள்வோருக்கு உணவும் மருந்தே

பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கல்யாணம், ஊரில் கட்டும் வீடு ஆகியவற்றைப் பற்றிச் செம்பூரில் நாம் தாராளமாகப் பேசிக்கொள்கிறோம். ஆனால் வீட்டில் ஒருவர் குடிக்கோ பிரவுன் சுகருக்கோ அடிமையாகிவிட்டால் வாய் திறப்பதில்லை. மானம் போய்விடுமே என்று அவரை அறையில் வைத்துப் பூட்டுகிறோம். குளுகோஸ் தண்ணீர் கொடுத்து நாமே சரி செய்துவிடலாம் என்று நினைக்கிறோம். இப்படிச் செய்வது உயிருக்கும் மூளைக்கும் ஆபத்தானது.

நான் டாக்டர் அல்லன். ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் செய்யச் சொல்லித் தரும் கட்டுரை அல்ல இது. மருத்துவர் பார்த்த பிறகு நம் சமையலறை எப்படி உதவலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

குடிப்பவர் ஏன் மெலிகிறார்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு குவார்ட்டர் விஸ்கி என்பது 180 மி.லி. அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மி.லி.; எடையில் சுமார் 60 கிராம். ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி தருவதால் மொத்தம் 420 கலோரி ஆகிறது. இது ஏறக்குறைய ஏழு இட்லிக்குச் சமம். ஆனால் அதில் புரதமும் இல்லை, வைட்டமினும் இல்லை. வயிறு நிரம்பியதுபோல் இருப்பதால் குடிப்பவர் சாப்பாட்டை ஒதுக்குகிறார். சாப்பிடும் கொஞ்சத்திலும் உள்ள சத்தைக் குடித்துக் கெட்ட குடல் சரியாக உறிஞ்சுவதில்லை.

இதில் முதலில் தீர்ந்துபோவது வைட்டமின் பி1, அதாவது தயமின். உடம்பில் இதன் இருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான். இரண்டு மூன்று வாரங்களில் அது கரைந்துவிடும். சர்க்கரையைச் சக்தியாக மாற்ற உடம்புக்கு இந்த பி1 கட்டாயம் வேண்டும். இருப்பு தீர்ந்த உடம்பில் வெறும் குளுகோஸை ஏற்றினால் மிச்சம் மீதி பி1-உம் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். குழப்பம், கண் பார்வை இரட்டையாகத் தெரிதல், தள்ளாடும் நடை ஆகியவை இதன் அடையாளங்கள். ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கி 1881-இல் இதை விவரித்தார். உடனே கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். "குடிச்சுட்டுத் தள்ளாடுறான்" என்று நாம் விட்டுவிடும் நிலை இந்த நோயாகவும் இருக்கலாம். ஆகவேதான் மருத்துவமனையில் குளுகோஸுக்கு முன்போ, அதனுடன் சேர்த்தோ பி1-ஐ ஊசியாகப் போடுகிறார்கள்.

குன்னூர் சொன்ன பாடம்

பி1 பற்றிய ஆராய்ச்சியில் நம் தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1918-இல் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்று ஹைதராபாதில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பெரிபெரி என்பது பி1 குறைவால் வரும் நோய். தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த ஆந்திரக் கடலோரத்தில் அது பரவலாக இருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகளிலோ அரிதாக இருந்தது. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அவ்வளவாகப் போவதில்லை. எனவே மீண்டு வருபவர் இருக்கும் வீட்டில் புழுங்கலரிசி நல்லது. அரிசியைப் பலமுறை கழுவ வேண்டாம். கஞ்சியை வடித்துக் கொட்டவும் வேண்டாம்.

வரிசை முக்கியம்

1. நாள்தோறும் அதிகம் குடித்தவரைத் திடீரென்று வீட்டிலேயே நிறுத்த வைக்காதீர்கள். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை பிதற்றலும் கடும் காய்ச்சலும் வந்து உயிரே போகலாம். எனவே முதலில் மருத்துவர்.

2. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே விருந்து வைக்காதீர்கள். இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் சட்டென்று குறைந்து இதயம் பாதிக்கப்படும். மருத்துவர் சொன்னபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

3. பிறகு வேளை தவறாத உணவு. காலையில் இட்லி சாம்பார் அல்லது கேழ்வரகுக் கஞ்சி (இங்கே நாச்னி என்று கேட்டால் கிடைக்கும்). பதினோரு மணிக்கு மோரும் வாழைப்பழமும். மதியம் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, தயிர். மாலையில் சுண்டல். இரவில் சப்பாத்தியும் கூட்டும். படுக்குமுன் ஒரு தம்ளர் பால். உண்பவர்களுக்கு முட்டையும் மீனும் மிக நல்லது. சாப்பாட்டோடு டீ வேண்டாம். அது இரும்புச் சத்தைத் தடுக்கும்.

4. கல்லீரல் கெட்டு வயிறோ காலோ வீங்கியிருந்தால் ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. அதற்காகப் பருப்பையும் தயிரையும் நாமாக நிறுத்திவிடக் கூடாது.

5. உடம்பு தேறட்டும் என்று தசமூலாரிஷ்டம், திராக்ஷாசவம் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்க வைத்துச் செய்பவை. அவற்றில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு. குடியை விட்டவருக்கு அவை வேண்டவே வேண்டாம்.

பிரவுன் சுகர் என்றால்

இதை நிறுத்தும்போது முதல் சில நாட்கள் வாந்தி, பேதி, உடல்வலி கடுமையாக இருக்கும். ஓ.ஆர்.எஸ். கரைசல், இளநீர், நீர்மோர் ஆகியவற்றை அடிக்கடி சிறிதளவு கொடுக்க வேண்டும். வலியைக் குறைக்க மருந்துகள் உண்டு. அதற்கு மருத்துவர் வேண்டும். இன்னொன்றை மறவாதீர்கள். சில வாரம் நிறுத்தியவர் மறுபடி பழைய அளவை எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். பலர் இறப்பது இப்படித்தான்.

மெலிந்த உடம்பைக் காசநோய் எளிதில் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் அதை 1000 ரூபாயாக உயர்த்தியது.

பசி என்னும் எதிரி

என்னோடு வேலை செய்த ஃபிட்டர் ஒருவர் குடியை விட்டுப் பல வருடம் நன்றாக இருந்தார். "சார், காலை டிபன் தவறின அன்னிக்குத்தான் மனசு கடைப் பக்கம் போகுது" என்பார். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் மறுபடி குடிக்க இழுக்கும் என்று குடியை விட்டவர்களின் கூட்டங்களிலும் சொல்லித் தருகிறார்கள். இந்த நான்கில் பசியை நீக்குவது முழுக்க நம் கையில் இருக்கிறது.

நம் மும்பையில், பாந்த்ராவில், 1981-இல் பாதிரியார் ஜோ பெரேரா தொடங்கிய கிருபா அமைப்பு, ஐயங்கார் முறை யோகாசனத்தையும் சிகிச்சையில் சேர்த்திருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற அரசு இலவச எண்ணில் கேட்கலாம்.

அன்பர்களே, சர்க்கரை வியாதிக்காரருக்குத் தனிச் சமையல் செய்ய நாம் வெட்கப்படுவதில்லை. குடியும் நோய்தான். மருத்துவரிடம் அழைத்துப்போய் வந்த பிறகு, அவருடைய தட்டைத் தனியாக வைக்காமல், எல்லோரோடும் உட்கார்த்தி வேளாவேளைக்குப் பரிமாறுங்கள்.