மூன்றாவது தடவையும் வெட்டச் சொல்கிறார்களா?

எனக்கு 27 வயது. ஒன்றரை வருடமாகச் சிறுநீர் நூல் மாதிரிதான் வருகிறது. முடித்த பிறகும் சொட்டுகிறது. மருந்துக்கடையில் புராஸ்டேட் மாத்திரை தந்தார்கள். பலனில்லை.
*– வாசகர், திண்டுக்கல்*

பலன் எப்படி இருக்கும் தம்பி? புராஸ்டேட் வீக்கம் உங்கள் அப்பா வயதுக்காரர்களின் பிரச்சினை. உங்கள் வயதில் தாரை மெலிந்தால் சிறுநீர்க் குழாய்ச் சுருக்கத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சைக்கிள் பார், பைக் டேங்க் மீது கால் அகல விழுந்து அடிபட்டதுண்டா? பள்ளிக்கூட நாளில் நடந்திருந்தாலும் சொல்லுங்கள். அந்தக் காயம் ஆறும்போது தழும்பு கட்டும், வழி குறுகும்.

யூரோஃப்ளோ கருவியில் சிறுநீர் கழித்துக் காட்டுங்கள். உங்கள் வயதில் வேகம் உச்சத்தில் விநாடிக்கு 15 மில்லியைத் தாண்ட வேண்டும். சுருக்கம் இருந்தால் கோடு கொஞ்சம் ஏறி, மட்டமாகவே ஓடும். அடுத்து, நுனி வழியே மருந்து ஏற்றி எடுக்கும் ஆர்.ஜி.யூ. எக்ஸ்ரே. வயிற்று ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு 'ஒன்றுமில்லையாம்' என்று திரும்பிவிடாதீர்கள். சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்பது அதில் தெரியாது.

வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் குடித்தால் குழாய் விரியுமா?
*– வாசகர், கும்பகோணம்*

விரியாது. தழும்பு எந்தச் சாற்றிலும் கரையாது.

பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு என் கணவருக்கு இந்தச் சுருக்கம் வந்திருக்கிறது. 'தப்பான பழக்கத்தால் வரும் வியாதி' என்று உறவில் ஒருவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து கணவர் யாரிடமும் பேசுவதில்லை.
*– வாசகி, மதுரை*

அந்த உறவினர் பழைய காலத்துப் பாடத்தை ஒப்பிக்கிறார், அம்மா. வெட்டை நோய் ஒரு காலத்தில் முக்கியக் காரணமாக இருந்தது உண்மை. இன்று அடிபடுவதாலும், ஆஸ்பத்திரியில் போடும் கதீட்டராலும்தான் பலருக்கு வருகிறது. உங்கள் கணவருக்கு ஆபரேஷனின்போது போட்ட ட்யூபே காரணமாக இருக்கலாம். இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.

வயது 44. கேமரா விட்டு உள்ளேயே வெட்டி, இரண்டு முறை சரிசெய்தார்கள். இரண்டு முறையும் சில மாதங்களில் பழையபடி ஆகிவிட்டது. மூன்றாவது முறை வெட்டலாம் என்கிறார்கள். போகலாமா?
*– வாசகர், ஈரோடு*

போகாதீர்கள்.

இந்த 'இன்னொரு தடவை வெட்டிப் பார்ப்போம்' எனக்கு ஆகவே ஆகாது. முதல் தடவை, 2 செ.மீ.க்குள் இருக்கிற சுருக்கம் என்றால் வெட்டலாம், நானும் செய்கிறேன். ஆனால் தழும்பை வெட்டினால் வெட்டிய இடமும் தழும்பாகத்தானே ஆறும்? ஒவ்வொரு வெட்டுக்கும் அது நீளக்கூடும். கடைசியில் சின்ன ஆபரேஷனில் முடிய வேண்டியது பெரிதாகிவிடும். விட்டுவிட்டுக் கம்பி விட்டு விரிப்பதும் இதே கதைதான். ஒரே நாளில் வீடு திரும்பலாம் என்பதால் நோயாளிக்கும் அது சௌகரியமாகத் தெரிகிறது.

உங்களுக்கு வேண்டியது யூரெத்ரோபிளாஸ்டி. சுருக்கம் குட்டையென்றால் தழும்பை அகற்றி இரு முனைகளையும் சேர்த்துத் தைப்போம். நீளமென்றால் கன்னத்தின் உட்புறச் சவ்வை எடுத்து ஒட்டுவோம். எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகிய சவ்வு, முடியும் முளைக்காது. வாயில் அந்தப் புண் சீக்கிரம் ஆறிவிடும். ட்யூப் இரண்டு மூன்று வாரம் இருக்கும். குழாய் முழுக்கச் சுருங்கியவர்களுக்கும் வழியுண்டு. புனே டாக்டர் சஞ்சய் குல்கர்னி 2009இல் எழுதிய முறையை வெளிநாட்டு சர்ஜன்களும் பின்பற்றுகிறார்கள்.

எல்லா யூராலஜிஸ்டும் யூரெத்ரோபிளாஸ்டி செய்வதில்லை. 'நீங்கள் செய்வீர்களா, இல்லையென்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?' என்று நேராகக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

ஹான்ஸ், குட்கா வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே துப்பிவிடுங்கள். வாய் திறக்க முடியாமல் கன்னம் இறுகிப் போனவரிடம் நான் எதை எடுத்து ஒட்டுவேன்?

திடீரென்று முழுவதும் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?
*– வாசகர், தூத்துக்குடி*

தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள், சிறுநீர்ப்பை இன்னும் உப்பும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், 'எனக்குக் குழாய்ச் சுருக்கம் உண்டு' என்பதை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கீழ்வழியே ட்யூபை அழுத்தித் திணித்து, புதுக்காயம் உண்டாக்கிவிடுவார்கள். அடிவயிற்றில் சிறு துளையிட்டு நீரை வடிப்பதாகச் சொன்னால் பயப்படாமல் சம்மதியுங்கள்.