நித்திய சீவனுக்கு உரியார் யாவர்?

கன்னட நாட்டெல்லையை அடுத்த நாட்றாம்பாளையத்து அன்பரொருவர் நம்மை வினாவியது இது: "இயேசுவின் பெயரையே கேளாது இறந்த நம் முன்னோர்க்குக் கிறித்தவ சமயம் கூறுங் கதி யாது?" தம் உறவினருட் சிலர் அச்சமயம் புக்கமையான், இவ்வினா அவர் இல்லத்தையே தொட்டு நிற்பது. ஆகலின் இதனை நடுவுநிலையின் நின்று ஆராய்வாம்.

வினா பழையது. 1542-இல் இந்தியா போந்து, முத்துக்குளித்துறைப் பரதவரிடைப் போதித்த சவேரியார், பின்னர்ச் சப்பான் சென்றனர். ஆண்டுப் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர், தம் முன்னோர் நரகினின்றும் மீளாரெனக் கேட்டு அழுதனரென்பது, 1552-இல் அவரே வரைந்த திருமுகத்தாற் புலனாம். அவர் அங்ஙனங் கூறியது அக்காலத்துக் கத்தோலிக்கர் கொள்கைக்கு இயைந்ததே. திருச்சபைக்குப் புறத்தே நிற்போர்க்கு உய்தியில்லையென 1442-இல் புளோரன்சுச் சங்கம் வரையறுத்திருந்தது.

அச்சபையினின்றும் பிரிந்த சீர்திருத்தக்காரர், உய்தி விசுவாசம் ஒன்றானே எய்தற்பாலது என்றனர். அவருள்ளும் கால்வினைப் பின்பற்றினோர், உய்வாரை இறைவன் அநாதியே தெரிந்துகொண்டனன் என்ப. 1618–19-இல் ஆலந்து நாட்டுத் தோர்த்து நகர்ச் சங்கம் இதனையே நிலைநாட்டிற்று. உவெசிலியார் இதனை மறுத்து, அருள் யாவர்க்கும் பொது, ஏற்றலும் மறுத்தலும் உயிரின்பால என்றனர்.

நம் நாட்டிலும் இவ்வாதம் நிகழ்ந்தது. 1938 திசம்பரில் தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் உலகக் கிறித்தவ ஊழியர் மாநாடு கூடிற்று. ஆலந்து தேயத்துக் கிரேமர் என்பார், கிறித்துவின்பால் வெளிப்பட்ட உண்மைக்கும் ஏனைச் சமயங்கட்கும் தொடர்ச்சியின்று என்றனர். அக்கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த ஆக்கு என்பார், பிற சமயத்தார் மாட்டும் இறைவனோடு மெய்யாய தொடர்பு உண்டாதல் கூடுமென மறுத்தனர். பின்னர் 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றிக் கிறித்துவை அறியாதோரும், நேரிய உள்ளத்தால் இறைவனைத் தேடி, அருளால் ஏவப்பட்டு, மனச்சான்றின்வழி ஒழுகுவராயின் உய்தி பெறுதல் கூடுமென்றது.

இவ்வேறுபாடு யாங்ஙனம் எழுந்தது? அவர்தம் நூலுள் விசுவாசிப்போர்க்கே நித்திய சீவன் என்னும் இடமும் உண்டு. பசித்தார்க்கு உணவளித்தாரை நியாயாதிபதி வலப்பால் நிறுத்துவன் என்னும் இடமும் உண்டு. அன்றியும், பிறவி ஒன்றே, அதன்பின் தீர்ப்பு என்பது அவர்க்குப் பொதுக்கொள்கை. ஒரு பிறவிக்குள் செய்தி எட்டாதார்க்கு வாயில் யாதென்னும் இடர்ப்பாடு இதனாலேயே மிகுகின்றது.

சித்தாந்தத்துள் இவ்விடர்ப்பாடு இன்று. திரோதான சத்தி ஒவ்வொரு பிறவியினும் உயிரின் உள்நின்று மலத்தைப் பக்குவப்படுத்தும். இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்தவழிச் சத்திநிபாதம் நிகழும். அது மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படுதல் பக்குவம் பற்றியேயாம். அருள் ஒருவர்க்குண்டு ஒருவர்க்கில்லை என்பது அன்று. ஆகலின் அன்பர்தம் முன்னோர்க்கு வாயில் அடைக்கப்பட்டிலது.

எனினும் கிறித்தவர் நம்மை மறித்து, "பிறவி பலவாயின் இப்பிறவியிலேயே முயலுதல் எற்றுக்கு?" எனக் கடாவுவர். மானிடப் பிறவியின் அருமையை நம் நூல்கள் வற்புறுத்துவது இக்கடாவுக்கு விடையாம். அதனை ஒழுக்கத்தாற் காட்டாது வாயாற் கூறுதலிற் பயனின்று.

அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்துட் பிறர் மதத்தை முதற்கண் அவர் கூறுமாறே நிறுவிப் பின்னரே மறுத்தனர். நாமும் அந்நெறி பற்றி, கிறித்தவர் அனைவரும் நம் முன்னோரை நரகிற்கு உரியரென்பர் எனக் கூறாதொழிதல் வேண்டும். அன்பர் தம் உறவினரை, "உம்முடைய சபை இதன்கண் யாது கொள்கின்றது?" என அன்பொடு வினாவுக. அவ்வினாவே இரு திறத்தார்க்கும் நன்மை பயக்கும்.