ஃபேன் முனகுகிறதா? கப்பாசிற்றரைப் பாருங்கள்

கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் காரைதீவு வீடுகளில் ஃபேன் ஓய்வதே இல்லை. அது சுழலாமல் முனகினால், மோட்டார் போய்விட்டதென்று புதிதாக வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் பழுது சின்னக் கப்பாசிற்றரில்தான்.

நம் வீட்டு 230 வோல்ட் ஒற்றைக்கட்ட மின்சாரத்தால் மட்டும் மோட்டார் சுழலத் தொடங்காது. இரண்டாவது சுருளில் மின்னோட்டத்தைச் சற்று முன்தள்ளி, சுழற்சிக்கு உந்தல் தருவது கப்பாசிற்றர். வெப்பத்தில் அதன் கொள்ளளவு குறையக் குறைய வேகமும் குறையும்.

ரெகுலேட்டரை முழு வேகத்தில் வையுங்கள். நீண்ட உலர்ந்த தடியால் இதழை மெல்லத் தள்ளியதும் சுழன்றால் சந்தேகம் கப்பாசிற்றர்மீது. மின்சாரம் இல்லாதபோதே கையால் சுற்றக் கடினமாக இருந்தால் பேரிங் பழுது.

மாற்றும்போது சுவர் ஆளி போதாது, மெயினையே நிறுத்துங்கள். டெஸ்டரால் சரிபாருங்கள். கப்பாசிற்றரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். கைப்பிடி காவலிட்ட திருப்புளியால் இரு முனைகளையும் இணைத்து இறக்கிய பின்பே தொடுங்கள். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய், அதில் எழுதியுள்ள அதே மைக்ரோபரட்டைக் கேளுங்கள். பல ஃபேன்களில் அது 2.5. வேகம் கூடுமென்று பெரிதாகப் போட்டால் சுருள் சூடேறிக் கருகும். வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது. இரண்டு வயர் உள்ளதில் முனை மாறினாலும் பாதகமில்லை.

கடலோர உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். பச்சை படிந்த வயர் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி, இறுக்கி, டேப் சுற்றுங்கள். கருகிய மணம் வந்தால் நீங்களே தொடாமல் மின்வேலை தெரிந்தவரை அழையுங்கள்.