வாய்தா என்பது வாக்குறுதி: பெயரில் பிடிவாரண்ட் இருந்தால் என்ன செய்வது?



சென்ற சில மாதங்களில் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்த குடும்பங்களில் பல, ஒரே விஷயத்தைத் தாழ்ந்த குரலில் கேட்டன. "அவர் பெயரில் வாரண்ட் இருக்கிறதாம். என்ன செய்வது?" இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நாம் முடிவு செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு குடும்பத்துக்கு நாமே தவறான யோசனை சொன்னோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் குற்றாலச் சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்று வந்த ஒரு சகோதரருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் இடத் தகராறு. கைகலப்பானது, வழக்குப் பதிவானது, ஜாமீனும் கிடைத்தது. இரண்டு மூன்று வாய்தாவுக்குப் போனார். பிறகு விசா வந்தது, வளைகுடாவுக்குப் போய்விட்டார். வக்கீலிடம் சொல்லவில்லை. செல்போன் எண்ணும் மாறிவிட்டது. மகளின் நிக்காஹ்வுக்காக ஊர் வந்தபோதுதான் தம் பெயரில் பிடிவாரண்ட் நிலுவையில் இருப்பது தெரிந்தது. நம்மிடம் வந்தார். "கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை வெளியே அதிகம் நடமாட வேண்டாம்" என்று நாம் சொன்னோம். அக்கறையோடுதான் சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு காவலர்கள் வந்தார்கள். மறுநாள் நடுவர் முன் ஆஜர் செய்யப்பட்டு கிளைச் சிறைக்குப் போனார். அந்த ஒரே நாளில் அவர் இரண்டு வக்காலத்து கொடுத்தார். ஒன்று வக்கீலுக்கு. இன்னொன்று, மகளின் நிக்காஹ்வை நடத்திக் கொடுக்கத் தம் தம்பிக்கு. நிக்காஹ் நடந்தது, வலியான தகப்பனார் மட்டும் சபையில் இல்லை. செவ்வாய்க்கிழமைதான் வெளியே வந்தார். நம்மிடம் வந்த அன்றைக்கே நல்ல வக்கீலிடம் அனுப்பியிருந்தால், அவர் அந்தச் சபையில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு இருந்தது. இந்தப் பாடம் நமக்கும் சேர்த்துத்தான்.

நீதிமன்றச் சொற்களும் மதரஸாச் சொற்களும்

வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஆஜர், வாய்தா, ரத்து. நீதிமன்றத்தில் தினமும் புழங்கும் இந்தச் சொற்கள் எல்லாம் அரபியிலிருந்து வந்தவை. 'வாய்தா' என்பது 'வஃதா', அதாவது வாக்குறுதி. 'ஜாமீன்' என்பவர் பொறுப்பேற்றவர். 'ஆஜர்' என்றால் 'ஹாளிர்', வந்திருக்கிறேன் என்று பொருள்.

ஜாமீனில் வெளியே வருபவர் நீதிமன்றத்துக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்: குறித்த நாளில் வருவேன் என்று. கொடுத்த வாக்கைக் காப்பதும் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதும் மார்க்கம் நமக்கு வலியுறுத்துபவை. எதிராளி சொன்னது பொய்யாகவே இருக்கலாம், வழக்கில் நம் பக்கம் நியாயமே இருக்கலாம். ஆனாலும் வாய்தாவுக்கு வருவதாகச் சொன்னது நாம் கொடுத்த வாக்குதான். பெரும்பாலான பிடிவாரண்டுகள் பெரிய குற்றத்தால் வருவதில்லை. இந்த வாக்குத் தவறுவதால் வருகின்றன.

வாரண்ட் என்றால் என்ன?

ஒருவரைப் பிடித்துத் தன் முன் கொண்டுவரும்படி நீதிமன்றம் காவல்துறைக்கு இடும் எழுத்து மூலமான உத்தரவு இது. நீதிபதியின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் அதில் இருக்க வேண்டும். இரண்டு வகை உண்டு. முதல் வகையில், ஜாமீன் கொடுத்தால் காவலரே விட்டுவிடலாம் என்று வாரண்டிலேயே எழுதியிருக்கும். இரண்டாவது வகை, 'என்.பி.டபிள்யூ.' என்று வக்கீல்கள் சொல்லும் ஜாமீனில் விட முடியாத வாரண்ட். இதில் காவலர் நம்மை நீதிமன்றத்தில்தான் நிறுத்த வேண்டும். விடுவதா இல்லையா என்பதை நீதிபதிதான் முடிவு செய்வார்.

எடுத்த எடுப்பில் என்.பி.டபிள்யூ. போடக்கூடாது, முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடத்தக்க வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் கடைசி வகை என்பதே பொதுவான முறை என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே சம்மன் வந்த நாளே நமக்கான எச்சரிக்கை. வீட்டில் பெண்களோ பெரியவர்களோ கையெழுத்துப் போட்டு வாங்கிய காகிதத்தை அலமாரியில் வைத்து மறந்துவிட வேண்டாம்.

வாரண்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. நிறைவேற்றப்படும் வரை, அல்லது பிறப்பித்த நீதிமன்றமே ரத்து செய்யும் வரை அது உயிரோடு இருக்கும். "ஐந்து வருஷம் ஆகிவிட்டது, கட்டே மூடியிருப்பார்கள்" என்பது வெறும் நம்பிக்கை.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

ஒன்று, வழக்கு இரண்டாகும். ஜாமீனில் போனவர் தக்க காரணம் இல்லாமல் ஆஜராகாமல் இருப்பது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 269-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

இரண்டு, தலைமறைவு அறிவிப்பு. குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து நீதிமன்றம் அறிவிப்பு வெளியிடும். வீட்டிலும் ஊரில் தெரியும்படியான இடத்திலும் அதை ஒட்டுவார்கள். சொத்து ஜப்தி வரை போகலாம்.

மூன்று, ஜாமீன் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். ஜாமீன் தொகையை அவர் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் வரும். நாம் சொன்ன சகோதரருக்கு ஜாமீன் நின்றவர் அவருடைய மச்சான். அவருக்கும் நோட்டீஸ் வந்தது. இரண்டு குடும்பமும் பல நாள் பேசிக்கொள்ளவில்லை.

நான்கு, பாஸ்போர்ட். பெயரில் வாரண்ட் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. வளைகுடாவை நம்பியிருக்கும் நம் வீடுகளுக்கு இது பெரிய அடி.

ஐந்து, ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும் சிறு வழக்கில்கூட, முன்பு வாக்குத் தவறியவருக்கு மறுபடி ஜாமீன் தர நீதிமன்றம் மறுக்கலாம்.

வக்கீலோடு சேர்ந்து தீர்க்கும் வழி

முதலில் விவரம் தேடுங்கள். வழக்கு எண், ஆண்டு, நீதிமன்றம், காவல் நிலையக் குற்ற எண் ஆகியவை தேவை. ஈ-கோர்ட்ஸ் செயலியில் பெயரையோ வழக்கு எண்ணையோ போட்டு, அடுத்த வாய்தாவும் வழக்கின் நிலையும் பார்க்கலாம். நம் தென்காசி 2019 நவம்பர் 22 அன்றுதான் தனி மாவட்டமானது. பழைய வழக்குக் கட்டு இப்போது எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்பதை வக்கீலின் குமாஸ்தா மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆரியங்காவு வழியாக லாரி ஓட்டுபவர்களுக்குப் புனலூர், கொல்லம் பக்கம் வழக்கு இருந்தால் அங்குள்ள வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வக்கீலிடம் முழு உண்மையைச் சொல்லுங்கள். ஏன் வரவில்லை, எத்தனை வாய்தா தவறியது, வேறு வழக்கு உண்டா, எல்லாவற்றையும். வராத காரணத்துக்குக் காகித ஆதாரம் எடுத்துப் போங்கள்: மருத்துவமனைச் சீட்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கம், பயணச் சீட்டு, குடும்பத்தில் மவுத் என்றால் இறப்புச் சான்று. இல்லாத நோய்க்குச் சான்றிதழ் வாங்க வேண்டாம். அது பொய், பிடிபட்டால் புது வழக்கு.

மூன்றாவது, ரீகால் மனு. வாரண்டைத் திரும்பப் பெறும்படி அதைப் பிறப்பித்த நீதிமன்றத்திலேயே வக்கீல் மனுப் போடுவார். பழைய சட்டத்தில் இதை 70(2) மனு என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 72(2). பெரும்பாலும் நாம் நேரில் சரணடைந்து நின்றால்தான் மனு எடுபடும். தானாக வந்து நிற்பவரை நீதிபதி பார்க்கும் விதமும், பிடித்துக் கொண்டுவரப்பட்டவரைப் பார்க்கும் விதமும் ஒன்றல்ல.

நான்காவது, நாளும் நேரமும். வார ஆரம்பத்தில், நீதிமன்றம் கூடுவதற்கு முன்பே போய்விடுங்கள். இரண்டு ஜாமீன்தாரர்களை ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, புகைப்படம் ஆகியவற்றோடு தயாராக அழைத்துச் செல்லுங்கள். நீதிபதி வாரண்டை ரத்து செய்யலாம், செலவுத் தொகை கட்டச் சொல்லலாம், புது ஜாமீன் கேட்கலாம், சில வழக்குகளில் சிறைக்கும் அனுப்பலாம். "நிச்சயம் விட்டுவிடுவார்கள்" என்று எந்த வக்கீலும் உறுதி தர முடியாது. அப்படித் தருபவரிடம் கவனமாக இருங்கள்.

ஐந்தாவதுதான் பலரும் மறப்பது. ரத்தான உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போடுங்கள். நகல் வந்ததும் ஒரு பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்றைக் கையோடு வைத்திருங்கள். மும்பையில் ஒரு வழக்கறிஞரின் வாரண்டை நீதிமன்றம் ரத்து செய்த பிறகும், 2002-இல் சுதந்திர தினத்தன்று அவரைக் கைது செய்தார்கள். ரத்து உத்தரவு அப்போது அவர் கையில் இல்லை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-இல் வாரண்டுகளை எப்படிப் பிறப்பிப்பது, எப்படிப் பதிவேட்டில் வைப்பது என்று நெறிமுறைகள் வந்தன. வழக்கறிஞருக்கே அந்த நிலை என்றால் நம் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஆறாவது, அடுத்த வாய்தா. வர முடியாத நாள் என்றால் முன்னதாகவே வக்கீலிடம் சொன்னால், நேர்நிற்றலிலிருந்து விலக்குக் கேட்டு 'ஆப்சென்ட் மனு' போடுவார். வெளிநாடு போவதென்றால் நீதிமன்ற அனுமதியோடு போக வழி இருக்கிறது.

காவலர்கள் வீட்டுக்கு வந்துவிட்டால்

ஓடவோ வாக்குவாதம் செய்யவோ வேண்டாம். வாரண்டைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பெயர், வாப்பா பெயர், வழக்கு எண் சரிதானா என்று பாருங்கள். கைது பற்றி உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பின் விடியும் வரை பெண்களைச் சாதாரணமாகக் கைது செய்யக்கூடாது.

போலிகள் குறித்தும் ஒரு வார்த்தை. 2004-இல் அகமதாபாத் நீதிமன்றம் ஒன்றில், பணம் கொடுத்தால் யார் பெயரிலும் வாரண்ட் வாங்கலாம் என்று காட்டுவதற்காக ஒரு பத்திரிகையாளர், அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் பெயரிலேயே வாங்கிக் காட்டினார். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்று அதே ஏமாற்று செல்போனில் வருகிறது. "உங்கள் பெயரில் வாரண்ட், பணம் அனுப்புங்கள், வீடியோ அழைப்பை விட்டு நகராதீர்கள்" என்பார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவும் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930-க்குச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லையா?

1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பெண்கள், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் ஒரு தடையே இல்லை. நீதிமன்ற வளாகத்தில் உள்ள அலுவலகத்தில் கேட்கலாம், அல்லது 15100 எண்ணில் அழைக்கலாம். மனு எழுத, உடன் வர, ஜாமீன்தாரரின் காகிதங்களைச் சரிபார்க்க நம் டிரஸ்ட்டில் ஆள் உண்டு. யார் வந்தார், எதற்கு வந்தார் என்பதை வெளியே பேசமாட்டோம்.

அந்தச் சகோதரரின் வழக்கு பிறகு லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தது. பக்கத்துக் கடைக்காரரும் அவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். அரை நாளில் தீர்ந்த விஷயம் அது. மச்சானும் இப்போது வீட்டுக்கு வந்து போகிறார். ஆனால் மகளின் நிக்காஹ் நாள் திரும்பி வராது.

ஆகவே, இந்த இதழை வாசித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது பழைய வழக்கு, பழைய சம்மன், கட்டாத அபராதம், யாருக்கோ நின்ற ஜாமீன் உண்டா என்று இன்று இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து பேசுங்கள். இருந்தால் நாளைக் காலை வக்கீலைப் பாருங்கள். "கல்யாணம் முடியட்டும்" என்று இனி நாம் யாருக்கும் சொல்லமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.