டெங்கு நோயும் சிறுவரின் சிறுநீரகமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
தொடர்புடைய அலகுகள்: குருதிச் சுற்றோட்டம், கழிவகற்றல்

2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். டெங்கு என்றதும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையையே பலரும் விசாரிப்பர். ஆனால் சிறுவர் நோயாளர் விடுதியில் பிள்ளை கழிக்கும் சிறுநீரையும் அளந்து குறித்துக்கொள்வார்கள். இதற்கான காரணத்தை நீங்கள் கற்ற சிறுநீரகத்தியின் தொழிற்பாட்டைக் கொண்டே விளக்கலாம்.

1. முதலில் மீட்டுப் பார்ப்போம்

இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. கலன்கோளத்தில் குருதி வடிகட்டப்படுவதற்குப் போதிய குருதியமுக்கம் அவசியம். வளர்ந்தவர் ஒருவரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடிதிரவம் உண்டாகிறது. அதில் 99% அளவு மீள உறிஞ்சப்பட, எஞ்சிய 1.5 லீற்றர் அளவே சிறுநீராகிறது.

2. டெங்கு நோயில் நிகழ்வது என்ன?

டெங்கு வைரசு ஈடிஸ் இனப் பெண் நுளம்பினால் பரப்பப்படுகிறது. காய்ச்சல் பொதுவாக 2 – 7 நாட்கள் நீடிக்கும். காய்ச்சல் குறையும் வேளையிலேயே சிலரில் ஆபத்து நிலை தொடங்குகிறது. இது 24 – 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அப்போது நிகழ்வன:

• மயிர்க்குழாய்ச் சுவரின் உட்புகவிடும் தன்மை அதிகரிக்கும்.
• திரவவிழையம் நெஞ்சறை, வயிற்றறை ஆகியவற்றினுள் கசியும்.
• குருதிக் கலன்களிலுள்ள குருதியின் கனவளவு குறையும், குருதி செறிவடையும்.
• சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறைய, வடிகட்டலும் குறையும்.
• சிறுநீரின் அளவு குறையும்.

தொடக்கத்தில் இது சிறுநீரகம் பழுதடைந்ததன் அறிகுறியன்று. உடல் நீரைச் சேமிக்க முயல்வதையே இது காட்டுகிறது. இந்நிலையில் தக்க சிகிச்சை கிடைத்தால் சிறுநீரகம் வழமைக்குத் திரும்பும். அதிர்ச்சி நிலை ஏற்பட்டு நீடித்தால் ஒட்சிசன் கிடைக்காமல் சிறுகுழாய்க் கலங்கள் இறக்கும். யூரியா, கிரியற்றினின் என்பன குருதியில் தேங்கும். இதுவே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு.

3. வேறு காரணங்கள்

• செங்குருதிக் கலங்களோ தசைக் கலங்களோ பெருமளவில் சிதைந்தால், வெளிவரும் ஈமோகுளோபின், மயோகுளோபின் என்பன சிறுகுழாய்களைப் பாதிக்கும். சிறுநீர் கருமையாகத் தோன்றலாம்.
• அரிதாகக் கலன்கோளத்தில் அழற்சி ஏற்பட்டு, சிறுநீரில் புரதமும் குருதியும் காணப்படலாம்.
• அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற மருந்துகள் சிறுநீரகத்துக்கான குருதியோட்டத்தைக் குறைக்கக்கூடியன. குருதிப்பெருக்கு அபாயத்தையும் கூட்டுவன. எனவே காய்ச்சலுக்கு உரிய அளவில் பரசிற்றமோல் மட்டுமே கொடுக்க வேண்டும்.

4. வீட்டில் கவனிக்க வேண்டியவை

• பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதைக் குறித்து வைக்கவும்.
• 4 – 6 மணித்தியாலம் சிறுநீர் கழியாவிடின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும்.
• கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, கைகால் குளிர்தல், சோர்வு என்பனவும் அபாய அறிகுறிகள்.
• ஜீவனி, கஞ்சி, பழச்சாறு போன்றவற்றைக் கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கவும். வாந்தியில் குருதி இருப்பின் அதனை இனங்காண முடியாமற் போகும்.

ஆபத்து நிலையில் திரவத்தின் அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மிகையான திரவம் நெஞ்சறையினுள் கசிந்து சுவாசத்தைச் சிரமமாக்கும்.

5. மாதிரி வினா

ஆபத்து நிலையிலுள்ள 20 கிலோகிராம் நிறையுடைய பிள்ளை 6 மணித்தியாலத்தில் 48 மில்லிலீற்றர் சிறுநீர் கழித்தது. கிலோகிராம் ஒன்றுக்கு மணித்தியாலத்துக்கு 0.5 மில்லிலீற்றராவது கழிய வேண்டுமெனின், இது போதுமானதா?

விடை: ஒரு மணித்தியாலத்தில் கழித்தது = 48 ÷ 6 = 8 மில்லிலீற்றர்
கிலோகிராம் ஒன்றுக்கு = 8 ÷ 20 = 0.4 மில்லிலீற்றர்
இது 0.5 இலும் குறைவு. எனவே போதாது; வைத்தியருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

நினைவிற் கொள்க: காய்ச்சல் விட்டதும் நோய் தீர்ந்துவிட்டதென எண்ணக்கூடாது. உங்கள் தம்பி, தங்கைக்குக் காய்ச்சல் விட்ட அன்று, "எப்போது சிறுநீர் கழித்தாய்?" என்று கேளுங்கள்.